இடிக்காமல் போன வண்டி

குறை சொல்வதில் எனக்கு அலுப்பே வராது. மும்பையை ஒட்டிய வாஷியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கேன்டீன் டீயைப் பற்றியோ லிஃப்ட்டைப் பற்றியோ யாராவது புகார் எழுத வேண்டுமென்றால் நேராக என் மேஜைக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்ட எனக்கே அந்தக் குட்டிக் கார்ப் பந்தய வீடியோ ஆட்டத்தின் மேல் இருந்த ஆத்திரத்தை யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல் போனது. நாற்பதைத் தாண்டியவள், செம்பூரில் ஒண்டிக்கட்டையாக இருப்பவள், ஹார்பர் லைன் ரயிலில் உட்கார்ந்து பொம்மை வண்டி ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விடுகிற ஆளும் இல்லை நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூனை, கரடி, தவளை என்று ஏழெட்டுப் பொம்மைகள் குட்டிக் கார்களில் ஏறிப் பந்தயம் ஓடும். முன்னால் போகிறவன் மேல் பின்னால் வருகிறவன் எதையாவது விட்டெறிவான். அடி வாங்கியவன் தலைசுற்றி நிற்பான். அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் சின்ன வயதில் இது டி.வி.யோடு இணைத்து விளையாடும் பெட்டியில் வந்தது. இப்போது அதையே கையில் பிடித்து விளையாடும் கருவிக்காகப் புதுசாகச் செய்து விட்டிருக்கிறார்கள்.

செய்திருக்கிறார்கள் என்று சொல்வதா, கெடுத்திருக்கிறார்கள் என்று சொல்வதா? எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால்தான் நான் எத்தனையாவதாக ஓடுகிறேன் என்றே தெரியும். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது வருவதற்குள் திரையில் ஒரு வளையம் சுற்றும் பாருங்கள், கோவண்டியில் ஆரம்பித்தால் அடுத்த ஸ்டேஷன் மான்கூர்டு வரைக்கும் சுற்றும். பழைய ஆட்டத்தில் பாலத்துக்கு அடியில் ஒரு சந்து உண்டு. தெரிந்தவர்கள் அதில் புகுந்து அரைச் சுற்று மிச்சம் பிடிப்பார்கள். அந்தச் சந்துக்கு இப்போது வேலி போட்டாயிற்று. சுவரில் மோதப் போனால் வண்டி தானாகவே திரும்பிக்கொள்கிறது. மோதாமல் போவதென்றால் நான் எதற்கு ஓட்ட வேண்டும், பெஸ்ட் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்ள மாட்டேனா?

இதையெல்லாம்விடப் பெரிய குறை, ஒரே திரையில் இரண்டு பேர் விளையாட முடியாது என்பது. பழைய ஆட்டத்தில் திரையின் நடுவே ஒரு கோடு விழும். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி என் தம்பிக்கு. இப்போது ஆளுக்கொரு கருவி வேண்டும். ஆளுக்கொரு ஆட்டம் வாங்க வேண்டும். ஒருவர் ஆட்டத்துக்குள் ‘அறை’ என்று ஒன்றைத் திறந்து அனுப்பும் நீளமான எண்ணை மற்றவர் தப்பில்லாமல் அடித்து உள்ளே போக வேண்டும். போனாலும் பேச முடியாது. கையாட்டும் பொம்மை, அழும் பொம்மை, கட்டைவிரல் தூக்கும் பொம்மை, இவற்றில் ஒன்றை அமுக்கலாம். பேச்சு என்பது அவ்வளவுதான்.

இசையை மாற்றிவிட்டார்கள் என்று இணையத்தில் ஒரே கூப்பாடு. அந்தக் கூப்பாட்டில் மட்டும் என்னால் சேர முடியவில்லை. பழைய இசை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பாவுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் அந்த அறையில்தான் தூங்குவார். விளையாட்டுப் பெட்டியைத் தொண்ணூறடி ரோட்டில் ஒரு வீடியோ கடையிலிருந்து சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்து வருவோம். டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அப்பாவின் கால்மாட்டில் ஒட்டி உட்கார்ந்து விளையாடுவோம். பின்னாலிருந்து ஏதாவது எறியப்பட்டு வந்தால் ஆட்டம் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை ஒலி கொடுக்குமாம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. அடி என்பது சொல்லாமல்தான் வரும் என்று நினைத்திருந்தோம். ஜெயித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பார். தோற்றவர் தலையணையைக் கடிப்பார்.

அப்புறம் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா வாசலில் நின்று, "ஏட்டி, தண்ணி வந்துட்டு, எந்தி" என்று கிசுகிசுப்பாள். ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை. எழுந்து போனவருடைய வண்டி பாதையில் அப்படியே நிற்கும். மற்றவர் சத்தமில்லாமல் ஜெயித்துவிட்டுப் போகலாம். போக மாட்டோம். ஒவ்வொரு சுற்றிலும் வந்து, நிற்கிற வண்டியை ஓங்கி ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதை யார் சட்டமாகப் போட்டது என்று நினைவில்லை, ஆனால் ஒரு தடவைகூட மீறியதில்லை. நிறைகுடத்தோடு உள்ளே வரும்போது தன் வண்டி இடிபடுவதைப் பார்த்துத் தம்பி பல்லைக் கடிப்பான். ஒரு கை தண்ணீர் அள்ளி என் முதுகில் விடுவான். நான் கத்தவும் முடியாது. அப்பா எழுந்துவிடுவார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்த அறையை விட்டு நான் செம்பூருக்கு வந்தேன். தம்பி அதற்கு முன்னாலேயே படிக்கவென்று கனடா போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனும் கல்யாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் கிடையாது. போனில் பேசுவோம்.

"சாப்ட்டியாக்கா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம்."

"அங்க பனியா?"

"ம், பனிதான்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எதுவும் அகப்படாது. சண்டை கிடையாது. சண்டை இருந்தாலாவது பேசுவதற்கு விஷயம் இருக்கும். நாளாக நாளாக வாரப் பேச்சு மாதப் பேச்சாகி, கடைசியில் தீபாவளி பொங்கலுக்கு மட்டும் என்று வந்து நின்றது. இந்த உலகத்தில் எனக்கென்று மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன். அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எப்படிப் பிடித்து நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

அதற்காகத்தான் அந்த ஆட்டத்தை வாங்கினேன். வேறு எதற்காகவும் இல்லை. அவனையும் வாங்கச் சொன்னபோது, "அரே, நெசமாவாக்கா? நம்ம பூன வண்டியா?" என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

எனக்கு ஞாயிறு சாயங்காலம் அவனுக்கு ஞாயிறு காலை. அந்த நேரத்தை வைத்துக்கொண்டோம். "பக்கத்து ரூம்ல ஆளு தூங்குவான்க்கா, பேச முடியாது" என்றான் அவன். பேசாமல் விளையாடுவது எங்களுக்குப் புதுசா என்ன? போனை வைத்துவிட்டு ஓட்டினோம்.

முதல் சில வாரங்களைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை, ஆட்டத்தைப் பற்றி எத்தனை இருந்தாலும். இரண்டாவது வாரம் நேர்ச்சாலையில் வேண்டுமென்றே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்தோ வளைந்து வந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். செம்பூரில் உட்கார்ந்து பழக்க தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இன்னொரு வாரம் என் திரையில் நான்தான் முதலில் கோட்டைத் தாண்டினேன். முடிவு வந்தபோது அவன் பெயர் முதலில் இருந்தது. விடுவேனா? உடனே போன் போட்டேன்.

"என் ஸ்க்ரீன்ல நீ பின்னால கெடந்தக்கா" என்றான், குரலைத் தாழ்த்தி.

"பொய் சொல்லாதல. நான் என் கண்ணால பாத்தேன்."

"கண்ணாடி போட்டுப் பாத்தியா?"

தூரத்திலிருந்து விளையாடும்போது அவரவர் திரையில் அவரவர் வண்டி கொஞ்சம் முந்தி ஓடுகிற மாதிரி காட்டுமாம். பிறகு இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். இதுவும் பெரிய குறைதான், எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை. அதன் தயவில் நாங்கள் சாப்பாட்டையும் பனியையும் விட்டு வேறு ஏதோ பேசினோம்.

மழை தொடங்கிய சமயம், ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். என் குளியலறைத் தண்ணீர் அவள் வீட்டு சீலிங்கில் ஒழுகுகிறதாம். கையோடு பிளம்பரையும் கூட்டி வந்திருந்தாள். கருவியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனேன். அவர் டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவள் இந்தியிலும் நான் அரைகுறை மராத்தியிலும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டோம். அவர்கள் கிளம்பிப் போனபோது பந்தயங்கள் முடிந்து திரை அணைந்திருந்தது. தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தண்ணீர் விஷயமாக எழுந்து போவது எங்களுக்குள் சகஜம்தானே, இந்நேரம் சுற்றுக்குச் சுற்று வந்து இடித்து வைத்திருப்பான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தரையைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறவில்லை. சரியான நேரத்துக்கு அறை திறக்கும், எண் வரும், நான் உள்ளே போவேன். ஜெயித்துவிட்டுக் கையாட்டும் பொம்மையை அமுக்கி அவனைச் சீண்டினால் மட்டும் பதில் வராது. சரி, பெரிய மனிதனாகிவிட்டான் என்று விட்டுவிட்டேன். ஓட்டுவதிலும் ஒரு நிதானம் வந்திருந்தது. முன்னைப் போல மற்ற வண்டிகளை உரசுவதில்லை, வளைவில் தறிகெட்டுப் போவதில்லை. வயசுக்கேற்ற புத்தி வந்துவிட்டது என்று பெருமைகூடப் பட்டேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் வாரத்தை ஓட்டினேன். சனிக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறியும் காபித்தூளும் வாங்கி வந்துவிடுவேன், ஞாயிறு எங்கேயும் அலைய வேண்டியிருக்கக் கூடாது என்று. தலைக்குக் குளித்து, சமையலை முடித்து, கருவியை முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருவேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது லீவில் என்ன செய்தாய் என்று கேட்டால், "தம்பியோட இருந்தேன்" என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக ஜுஹு பீச்சுக்குப் போய் வந்த கதையைச் சொல்லும்போது சொல்லிக்கொள்ள எனக்கும் ஒன்று இருந்தது.

ஒரு நாள் காலை வாஷி ரயிலில், முன்பின் தெரியாத யார் யாரோ இருந்த ஒரு அறைக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தேன். மான்கூர்டில் கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு ஏறியது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "ஜரா பகடோ நா, தீதி" என்று பிடித்துக்கொள்ளச் சொல்லித் தன் பெரிய பையை என் மடியில் வைத்தாள். கருவி பைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ரயில் கழிமுகப் பாலத்தைத் தாண்டி வாஷிக்குள் நுழையும்போது அவள் பையை எடுத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தால் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் எதிலும் இல்லை. வளைவில் அழகாக வளைந்தது, எறிந்ததிலிருந்து ஒதுங்கியது, மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியது. என் பெயர் அதன் தலைக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. பந்தயம் முடிந்ததும் அதுவே அடுத்த பந்தயத்துக்கும் தயாராகி நின்றது.

விளையாடுகிறவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் இயந்திரம் ஓட்ட ஆரம்பித்துவிடும். மற்றவர்களுக்கு அதைச் சொல்லாது. இந்தக் குறையை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இறங்கி நடந்தேன். அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. நிதானம், உரசாமை, வயசுக்கேற்ற புத்தி என்று நானே அடுக்கி வைத்திருந்ததெல்லாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இருக்காது, இருக்காது என்று ஞாயிறு வரை சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல எண் வந்தது. உள்ளே போனேன். முதல் சுற்று ஒழுங்காக ஓட்டிவிட்டு, நேர்ச்சாலையின் நட்டநடுவில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இயந்திரம் ஓட்டும் கரடி போனது, தவளை போனது. அப்புறம் பூனை வந்தது, தலைக்கு மேல் என் தம்பியின் பெயரோடு. நேராக என்னைப் பார்த்து வந்தது. பக்கத்தில் வந்ததும் மரியாதையாக விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் பிரேக்கை விடவில்லை. அடுத்த சுற்றிலும் வந்தது. மறுபடியும் அதே மரியாதை. ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு வழிவிடுவார்களே, அந்த மாதிரி.

அவன் அங்கே இல்லை. எத்தனை வாரமாக இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் போட்டு விளையாடி வளர்ந்தவர்களாக இருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார்கள். நாங்கள் மௌனமாகவே விளையாடிப் பழகியவர்கள். பேசாத ஒரு இயந்திரத்தை என் தம்பி என்று நம்ப எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இனி அவன் கிடைக்க மாட்டான் என்ற பயம்.

போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"என்னக்கா?"

"வெளையாடிட்டு இருக்கியா?"

"ம்."

"என் வண்டி இப்ப எங்க நிக்குது, சொல்லு."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடும் சத்தம் கேட்டது.

"எத்தன வாரமால இந்த ஏமாத்து? நான் இங்க ஒருத்தி தலைக்குக் குளிச்சி, சாமி கும்பிடப் போற மாதிரி வந்து உக்காந்து, நீ ஓட்டுதன்னு நெனச்சி..."

"நீ மட்டும் என்ன?" என்றான். குரலில் கோபம் இருந்தது. அவனுக்கு என் மேல் கோபம் என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

"நான் என்ன செஞ்சேன்?"

"அன்னைக்கு நான் வண்டிய நிறுத்துனேன். நீ வந்து இடிப்பன்னுதான் நிறுத்துனேன். நீ சுத்திக்கிட்டுப் போன. தெரியாமப் போயிட்டன்னு மறுபடியும் நிறுத்துனேன். அப்பவும் இடிக்காமப் போன. சரிதான், அக்கா எனக்காக ஒப்புக்கு ஆன் பண்ணி வச்சிட்டு அவ சோலியப் பாக்கான்னு நெனச்சேன்."

"எப்ப? எப்பல?"

"அங்க மழை ஆரம்பிச்சப்ப."

குளியலறையில் பிளம்பர் தட்டிய சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. "லே, அன்னைக்குக் கீழ்வீட்டுக்காரி வந்துட்டா. பாத்ரூம் ஒழுகுதுன்னு பிளம்பரக் கூட்டிட்டு வந்தா. அந்த ஒரு நாளுதாம்ல நான் எந்திச்சிப் போனேன். மத்த எல்லா நாளும் இருந்தேன்."

விடாமல் நானே கேட்டேன்.

"அப்படி நெனச்சவன் வாராவாரம் எதுக்கு ஆன் பண்ணி வச்ச?"

"நிறுத்திட்டா நீ வருத்தப்படுவியேன்னுதான்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில்கூட இல்லை. என்னையறியாமல், "மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல ஆளு தூங்குதான்லா" என்றேன்.

"அவன் காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சுக்கா" என்றான். "இங்க யாரும் இல்ல."

வெளியே குழந்தைகள் மழைக்குப் பயந்து கட்டடத்துக்கு அடியிலேயே ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"யாருமே இல்லக்கா" என்றான் மறுபடியும். இந்தத் தடவை அவன் பக்கத்து அறையைச் சொல்லவில்லை.

"எனக்கும் அப்படித்தாம்ல" என்றேன். இதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அழுதேன். மறுமுனையில் அவன் அழுகிறானா என்று தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு பேரில் யாரும் போனை வைக்கவில்லை. கட்டிலில் கிடந்த கருவியில் அவன் வண்டியும் என் வண்டியும், எங்கள் பெயர்களைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு, ஒன்றை ஒன்று இடிக்காமல் அடுத்த பந்தயத்தை ஓடிக்கொண்டிருந்தன.